பார்த்ததுக்கும் கூலி

"எந்தக் காத்துக்கு ஒழுகுது ஆச்சி?"

டிவிஎஸ் எக்ஸ்எல்லை முகப்புக்கு வெளியே நிறுத்திவிட்டு உள்ளே வந்த பெரியவர் கேட்ட முதல் கேள்வி இதுதான். ஏணி இருக்கா, ஓடு இருக்கா, என்ன தருவீங்க என்றெல்லாம் அவர் ஆரம்பிக்கவில்லை. எனக்குப் பதில் தெரியவில்லை. மழை பெய்தால் ஒழுகும், அவ்வளவுதான் தெரியும். வளவின், அதாவது நடுவாசலைச் சுற்றித் தூண் வைத்த கூடத்தின், தென்மேற்கு மூலையில், இரண்டாவது தூணுக்குப் பக்கத்தில், நான்கு வருடமாக ஐப்பசி பிறந்தால் ஒரு பித்தளை அண்டாவைக் கொண்டுபோய் வைப்பேன். காற்று எந்தப் பக்கத்திலிருந்து அடிக்கிறது என்று ஒருநாளும் பார்த்ததில்லை.

பதில் உள்ளே இருந்து வந்தது. என் மாமியாருக்கு வயது 86. கட்டிலில் படுத்தபடியே சொன்னார்கள்: "வாடைக்குத்தான் ஒழுகும். ஆடியில மேல்காத்தோட பெய்யிற மழைக்கு ஒரு சொட்டு விழாது."

"அப்பச் சரி. சரிவு முழுக்கப் பழுதில்ல. ஒரே எடந்தான்" என்றார் பெரியவர்.

இன்னும் ஏணியில் கூட ஏறவில்லை. முந்தின வருடம் வந்த ஒருவர் 2,40,000 ரூபாய் கேட்ட வேலை இது.

செட்டிநாட்டுப் பள்ளத்தூரில் இருக்கிறது எங்கள் வீடு. என் வீட்டுக்காரருடைய ஐயா, அதாவது தாத்தா, பர்மாவுக்குக் கொண்டுவிக்க, அதாவது தொழில் செய்ய, போய்ச் சம்பாதித்து, 1920களில் கட்டியது. தூண், விட்டம், கைமரம் எல்லாம் பர்மாத் தேக்கு. இன்று இந்த வீடு ஏழு பங்கு. சிங்கப்பூரில் ஒருவர், கோயம்புத்தூரில் ஒருவர், சென்னையில் மூன்று பேர் என்று பிரிந்துகிடக்கிறார்கள். வங்கியில் ஓய்வு பெற்றபின் நானும் அவருமாக இங்கே வந்து, மாமியாரை வைத்துக்கொண்டு இருக்கிறோம். பெரிய வேலை எதுவானாலும் ஏழு பேரும் சரி என்று சொல்லவேண்டும். இரண்டு பேர் உடனே பணம் அனுப்புவார்கள், ஒருவர் முன்னோருக்குச் செய்யும் படைப்பு முடியட்டும் என்பார், இன்னொருவர் போனை எடுக்கவே மாட்டார். யாரையும் குறை சொல்ல இதை எழுதவில்லை. அவரவருக்கு அங்கங்கே வீடு இருக்கிறது, கடன் இருக்கிறது. ஆனால் நாங்களாகவே முடிவெடுத்துச் செய்ய முடிவது சின்ன வேலைகள் மட்டும்தான். உடைந்த ஓடு, ஒழுகும் குழாய், இறங்கிய கதவு.

இந்தச் சின்ன வேலைகள்தான் இந்த வீடுகளை நிற்கவைக்கின்றன என்பதை இங்கே வந்து இருந்தபிறகுதான் புரிந்துகொண்டேன். எங்கள் தெருவிலேயே ஒரு வீடு என் கண்ணுக்கு முன்னால் விழுந்தது. முதலில் நாலைந்து ஓடு நகர்ந்தது, அவ்வளவுதான். ஆள் இல்லாத வீடு, யாரும் ஏறிப் பார்க்கவில்லை. மழைத்தண்ணீர் கைமரத்தில் இறங்கி மரம் இற்றது. மரம் இறங்கியதும் சுவரின் தலை நனைந்தது. சுண்ணாம்பும் செங்கல்லும் வைத்துக் கட்டிய சுவர், தலையில் தண்ணீர் குடிக்க ஆரம்பித்தால் தாங்காது. 2014இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரிய உத்தேசப் பட்டியலில் செட்டிநாட்டு ஊர்கள் சேர்ந்தபோது எங்களுக்கெல்லாம் அத்தனை பெருமை. அந்தப் பெருமை எனக்கு இன்றும் இருக்கிறது. அதே ஊர்களில் நாலு ஓடு மாற்ற ஒரு ஆள் கிடைக்காமல் வாரக்கணக்கில் காத்திருக்கிறோம் என்பதும் உண்மை.

ஏன் கிடைப்பதில்லை? அரை நாள் வேலைக்கு யாரும் வருவதில்லை. புது வீடு கட்டுகிற இடத்துக்குப் போனால் ஆறு மாதம் தொடர்ந்து கூலி உண்டு. என் வீட்டுக் குழாய்க்கு வாசர் மாற்ற வந்தால் அன்றைய பொழுது போய்விடும். இது நியாயமான கணக்கு. அதனால் வருகிறவர்கள் வேலையைப் பெரிதாக்கித்தான் ஒத்துக்கொள்வார்கள். முந்தின வருடம் வந்தவர் போன் வெளிச்சத்தில் மேலே அடித்துப் பார்த்தார். ஐந்து நிமிடம். மேற்குச் சரிவு, தெற்குச் சரிவு இரண்டையும் பிரித்து, சட்டம் மாற்றி, மேலே ஷீட் போட்டுவிடலாம் என்றார். ஷீட் போட்டால் வெயில் காலத்தில் வளவில் யார் உட்காருவது?

பெரியவரைக் கண்டுபிடித்தது ஹார்டுவேர் கடையில். நல்ல ஆள் யார் என்று கேட்டால் எல்லாக் கடைக்காரரும் அவரவர் வாடிக்கைக்காரரைத்தான் சொல்வார்கள். அதனால் வேறு மாதிரி கேட்டேன்: "வேலை முடிஞ்சு மீந்த சாமானைத் திருப்பிக் கொண்டுவந்து குடுக்குற ஆள் யாராவது உங்க கடைக்கு வர்றாங்களா?" கடைக்காரர் யோசித்துவிட்டு, ஒரே ஒருவரைச் சொன்னார். அரை டப்பா ஆணியைக் கூடத் திருப்பிக் கொடுத்து, வீட்டுக்காரர் கணக்கில் கழிக்கச் சொல்வாராம். ஆசாரி வேலை, ஓட்டு வேலை, குழாய் வேலை மூன்றும் தெரியும், வயசாகிவிட்டதால் கட்டட வேலைக்குப் போவதில்லை என்றார்.

சரி, ஒழுகலுக்கு வருகிறேன். பெரியவர் முதலில் வளவிலேயே ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்து மேலே பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். என் வீட்டுக்காரர் காபி கொண்டுவந்து கொடுத்தார், அதையும் மேலே பார்த்துக்கொண்டே குடித்தார். பிறகு ஒரு கைமரத்தைக் காட்டினார். அதன் அடிப்பக்கம் நெடுக, விரல் அகலத்துக்குக் கறுப்பாக ஒரு கோடு. "இதுதான் தண்ணி வர்ற பாதை. சொட்டுற எடம் வேற, நொழையிற எடம் வேற. கோட்டைப் பிடிச்சு மேல போகணும்." நான் நான்கு வருடமாக அண்டாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், அந்தக் கோட்டைப் பார்க்கவில்லை.

அப்புறம்தான் ஏறினார். ஒரு வாளி தண்ணீரும் சொம்பும் கேட்டார். என்னைக் கீழே கைமரத்துக்கு நேராக நிற்கச் சொன்னார். நடுவாசலை ஒட்டிய கடைசி வரிசை ஓட்டில் முதலில் ஒரு சொம்பு. "வருதா ஆச்சி?" "இல்லண்ணே." கொஞ்சம் பொறுத்து, அதற்கு மேல் வரிசையில் ஒரு சொம்பு. "இல்ல." இப்படியே ஒவ்வொரு வரிசையாக மேலே போனார். ஏன் கீழிருந்து தொடங்குகிறீர்கள் என்று கேட்டேன். மேலே ஊற்றினால் தண்ணீர் எல்லா ஓடுகளையும் நனைத்துக்கொண்டுதான் இறங்கும், எந்த இடத்தில் நுழைந்தது என்று பிரித்துச் சொல்ல முடியாது என்றார். ஆறாவது சொம்பைக் கூடல்வாயில் ஊற்றினார். மேற்குச் சரிவும் தெற்குச் சரிவும் சேருகிற மூலை அது. இரண்டு நிமிடம் ஒன்றும் இல்லை. அப்புறம் அந்தக் கறுப்புக் கோட்டில் ஈரம் மினுமினுவென்று ஓடி, அண்டா வைக்கிற இடத்தில் சரியாக ஒரு சொட்டு விழுந்தது. எனக்குக் கை தட்டவேண்டும் போலிருந்தது.

மேலே நடந்தது இது. பின்கட்டு வேம்பின் இலை வருடக்கணக்கில் விழுந்து, கூடல்வாயில் பதித்திருந்த தகரத்தில் மக்கி, மண்ணாகவே ஆகிவிட்டது. போதாததற்கு, முன்னொரு காலத்தில் டிஷ் ஒயர் இழுக்க ஏறிய யாரோ தகரத்தின் ஓரத்தை மிதித்திருக்கிறார்கள். மடித்து உயர்த்திவிட்டிருந்த விளிம்பு ஒரு அடி நீளத்துக்குப் படிந்துபோயிருந்தது. மேற்குச் சரிவும் தெற்குச் சரிவும் நடுவாசலை நோக்கி உள்ளே சரிவதால், வடகிழக்கிலிருந்து வரும் வாடைக்கு முகம் கொடுத்து நிற்கின்றன. காற்று தண்ணீரை மேல்நோக்கித் தள்ளும்போது, அடைத்த கூடல்வாயில் தண்ணீர் ஏறி, படிந்த விளிம்பைத் தாண்டி ஓட்டுக்கு அடியில் போய்விடுகிறது. ஆடி மழைக்கு அந்தத் தள்ளு கிடையாது. மாமியார் சொன்னது அப்படியே சரி.

இலை மண்ணை வாரி இரண்டு சட்டி நிறைய இறக்கினார். குறடால் விளிம்பை நிமிர்த்தினார். பக்கத்தில் உடைந்திருந்த நான்கு சீமை ஓடுகளை மாற்றினார். மாற்று ஓடு மூன்றாங்கட்டில் ஐயா காலத்திலிருந்தே அடுக்கி வைத்திருக்கிறது. பழைய ஓடுகளை வீட்டில் வைத்திருப்பவர்கள் தயவுசெய்து விற்றுவிடாதீர்கள். ஒரு கம்பெனி ஓட்டின் பள்ளத்தில் இன்னொரு கம்பெனி ஓட்டின் மேடு பொருந்தாது. புது ஓடு வாங்கிச் செருகினால் உட்காராது, தூக்கிக்கொண்டே நிற்கும், அதுவே அடுத்த ஒழுகலுக்கு வழி.

கை வேலை மொத்தம் முக்கால் மணி நேரம் இருக்கும். பார்த்தது இரண்டு மணி நேரத்துக்கு மேல்.

"எவ்வளவுண்ணே?"

"முந்நூறு குடுங்க ஆச்சி. நாலு ஓடுதான."

நான் 800 கொடுத்தேன். அவர் 500ஐத் திருப்பி நீட்டினார். "பாத்ததுக்கெல்லாம் எதுக்கு ஆச்சி காசு?"

இந்த ஒரு வாக்கியம் என்னை ரொம்ப நாள் தூங்கவிடவில்லை. நான் இருந்த கிளையில் நகைக்கடன் அதிகம். நகை மதிப்பீட்டாளர் உரைகல்லில் ஒரு இழுப்பு இழுத்து, ஒரு சொட்டு அமிலம் விட்டுப் பார்த்துச் சொல்வார். இரண்டு நிமிட வேலை. அந்த இரண்டு நிமிடத்துக்கு அவருக்குக் கட்டணம் உண்டு, ஒருவரும் ஏன் என்று கேட்டதில்லை. அவர் கண்ணை நம்பித்தான் வங்கி லட்சக்கணக்கில் கொடுக்கிறது. என் கூரையைப் பார்த்துச் சொன்னவர் எனக்கு 2,40,000 ரூபாய் மிச்சம் செய்திருக்கிறார். அவருக்கு நாலு ஓட்டுக்கு மட்டும் கணக்குப் பார்ப்பது என்ன நியாயம்?

இன்னொன்றும் தோன்றியது. இத்தனை காலம் நாம் உடைத்ததற்கும் பூசியதற்கும் மட்டுமே கூலி கொடுத்துப் பழக்கியிருக்கிறோம். உட்கார்ந்து யோசித்தால் "சும்மா உக்காந்திருக்கார்" என்கிறோம். அப்படியென்றால் வருகிறவர் என்ன செய்வார்? சீக்கிரம் எதையாவது உடைக்கத்தான் செய்வார். பார்த்துச் சொல்கிறவருக்கு முந்நூறு, பார்க்காமல் பிரிக்கிறவருக்கு லட்சம் என்றால் பார்க்கிற பழக்கமே ஊரைவிட்டுப் போய்விடும். இதில் என் பங்கும் இருக்கிறது. வந்த புதிதில், இரண்டாங்கட்டு அடுப்படிச் சுவரின் அடிப்பகுதியில் பூச்சு உதிர்ந்தது. வந்த கொத்தனாரிடம் மதியத்துக்குள் முடித்துவிடவேண்டும் என்று நான்தான் அவசரப்படுத்தினேன். அவர் சிமெண்டைப் பூசிவிட்டுப் போனார். பழைய சுண்ணாம்புச் சுவர் உள்ளே இருக்கிற ஈரத்தை வெளியே விட்டுக்கொண்டே இருக்கும். மேலே சிமெண்ட் அடைத்தால் ஈரம் உள்ளேயே தங்கி, உப்பையும் இழுத்துக்கொண்டு பக்கத்தில் ஏறும். இரண்டு மழைக்காலத்தில் சிமெண்டுக்கு மேலே ஒரு முழம் உயரத்துக்கு, நல்லாயிருந்த பூச்சும் வெள்ளையாகப் பொரிந்து கொட்டியது. கடுக்காய்த் தண்ணீரும் கருப்பட்டியும் சேர்த்து அரைத்து, மேல்பூச்சுக்கு முட்டை வெள்ளைக்கரு போட்டு இழைத்த பூச்சு. தொட்டால் கண்ணாடி மாதிரி இருக்கும். அதை நான் இழந்தேன்.

பெரியவர் அதைப் பார்த்துவிட்டுச் சொன்ன மருந்து, காத்திருப்பது. மாசியில் சிமெண்டைக் கொத்தி எடுத்தார். சித்திரை முழுக்கச் சுவர் வெறும் செங்கல்லாகக் காயட்டும் என்று விட்டுவிட்டார். வருகிறவர்களெல்லாம் என்ன இப்படிப் போட்டிருக்கீங்க என்று கேட்டார்கள். வைகாசியில் வந்து செங்கல்லில் கையை வைத்துப் பார்த்தபிறகே சுண்ணாம்பு குழைத்தார். பழைய வழவழப்பு வரவில்லை. ஆனால் உப்பு பூக்கவில்லை.

மாமியார் அறைக் கதவையும் சொல்லவேண்டும். கீல் இல்லாத பழைய குடுமிக் கதவு, குடுமி என்கிற முனை குழியில் நின்று சுழலும். திறந்தால் தரையில் உரசி ஆத்தங்குடிக் கல்லில் வில் மாதிரி ஒரு கீறல் விழுந்துகொண்டிருந்தது. மழைக்கு மரம் ஊறியிருக்கும், அடியை இழைத்துவிடுங்கள் என்றேன். அவர் இழைப்புளியைக் கையில் எடுக்கவே இல்லை. குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கதவை மெல்ல ஆட்டி, காதைக் கொடுத்துக் கேட்டார். "மரம் ஊறல. குடுமி தேஞ்சு கதவு எறங்கியிருக்கு. இப்ப இழைச்சா அடுத்த வருசம் இன்னும் எறங்கும், அப்ப எதை இழைக்கிறது?" கடப்பாரையை அடியில் கொடுத்துக் கதவைக் கால் அங்குலம் தூக்கினார். குடுமிக் குழியில் இருந்த அழுக்கைச் சுரண்டி, தடிமனான இரும்பு வட்டு ஒன்றைப் போட்டு, விளக்கெண்ணெய் விட்டு இறக்கினார். கதவு இப்போது சுண்டுவிரலால் தள்ளினால் போகிறது. மாமியார் ராத்திரி எழுந்து போகும்போது யாரையும் கூப்பிட வேண்டியதில்லை. அந்தக் கீறலை ஆசிட் போட்டுத் தேய்க்கலாம் என்று யாரோ சொன்னார்கள், வேண்டாம் என்று அதையும் தடுத்தார். ஆத்தங்குடிக் கல் சூளையில் சுட்டது கிடையாது. கண்ணாடி மேல் வார்த்து, தண்ணீரில் ஊறவைத்து எடுக்கிற சிமெண்ட் கல். ஆசிட் பட்டால் பளபளப்பு அன்றோடு சரி. தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்து வருகிறேன், கீறல் மங்கிக்கொண்டு வருகிறது.

கரண்ட் வேலையைப் பெரியவர் தொடமாட்டார். "அது என் கைக்குப் பழக்கமில்ல" என்று நேராகச் சொல்லிவிடுவார். தெரியாததைத் தெரியாது என்று சொல்கிற ஆளை நம்பி வீட்டைத் திறந்துவிடலாம். குளியலறைக் குழாயைத் தொட்டால் சுருக்கென்று இருந்ததற்கு ஒரு எலக்ட்ரீஷியன் தம்பி வந்தார். அவரும் பார்க்கிற ஜாதிதான். ஒரு குண்டு பல்பை ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவில் கொடுத்துக் காட்டினார், மினுக் மினுக்கென்று எரிந்தது. எர்த் குழி காய்ந்து கிடந்தது, ஹீட்டர் காயிலும் கசிவு. ஹீட்டரை மாற்றி, கசிவு வந்தால் கரண்டைத் துண்டிக்கிற 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி ஒன்று போட்டுவிட்டு, மாசியிலிருந்து ஆடி வரை எர்த் குழிக்கு வாரம் ஒரு குடம் ஊற்றச் சொல்லியிருக்கிறார். துளசிக்கு ஊற்றும்போது அதற்கும் ஊற்றிவிடுகிறேன். பழைய வீட்டில் இருப்பவர்கள் இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

இப்போது நான் செய்வது இதுதான். அடுப்படியில் ஒரு நாற்பது பக்க நோட்டு தொங்குகிறது. குழாய் சொட்டினாலும், கொண்டி ஆடினாலும் அதில் எழுதுகிறேன். என்ன செய்யவேண்டும் என்று எழுதுவதில்லை, என்ன நடக்கிறது, எப்போது நடக்கிறது என்று மட்டும். "மேல்வீட்டு ஜன்னல், காலையில் திறக்கும், மத்தியானம் இறுகும்." இப்படி ஐந்தாறு சேர்ந்ததும் பெரியவருக்குப் போன் செய்கிறேன். அவருக்கு ஒரு முழு நாள் வேலையாகிவிடுகிறது, இரண்டு வீட்டுக்கு அலைய வேண்டாம். பழைய கொண்டி, நாதாங்கி தேவைப்பட்டால் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் இடிந்த வீட்டுச் சாமான்களில் தேடி வாங்கிவைக்கிறேன். கூலி நாள் கணக்கு. வந்து இறங்கிய நேரத்திலிருந்து கணக்கு, முக்காலியில் உட்கார்ந்து மேலே பார்க்கிற நேரமும் அதில் சேர்த்தி. மதியச் சாப்பாடு எங்களோடு. பொழுது சாய்வதற்குள் பணம் கையில். முதல் இரண்டு தடவை வேண்டாம் என்றார். மூன்றாவது தடவை ஒன்றும் சொல்லாமல் மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். நான்காவது தடவை தங்கச்சி மகனைக் கூட்டிக்கொண்டு வந்தார். இருபது வயசுப் பையன். "பாக்கக் கத்துக்கட்டும்னு கூட்டியாந்தேன் ஆச்சி" என்றார். அவனுக்கும் ஒரு முக்காலி போட்டேன்.

இந்த வருடம் பிள்ளையார் நோன்புக்கு, இழை என்கிற நோன்புத் திரியை எடுத்துக்கொள்ள எங்கள் பங்காளிகளில் மூன்று குடும்பம் வந்தது. கார்த்திகை தீபத்திலிருந்து இருபத்தோராம் நாள், மழை எப்போது வேண்டுமானாலும் பிடித்துக்கொள்ளும் காலம். முந்தின ராத்திரி ஒன்பது மணிக்கு வாடைக் காற்றோடு பிடித்தது. நடுவாசலில் தண்ணீர் கொட்டுகிற சத்தத்தில் பேச்சே கேட்கவில்லை. அப்போது போன் அடித்தது. பெரியவர்.

"ஆச்சி, அங்க மழையா? எந்தக் காத்து?"

"வாடைதாண்ணே. நல்லா அடிக்குது."

"சொட்டுதா?"

"இல்ல."

"சொட்டலேன்னா பத்தாது. கைமரத்துல அந்தக் கோடு இருக்குல்ல, அதைத் தொட்டுப் பாருங்க."

ஒட்டடைக் கம்பின் நுனியில் வெள்ளைத் துணியைச் சுற்றி, போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, எட்டி அந்தக் கோட்டில் நெடுகத் தடவினேன். இறக்கிக் கையால் தொட்டுப் பார்த்தேன். துணியில் தூசி இருந்தது. ஈரம் இல்லை.

"காஞ்சுதான் இருக்குண்ணே."

"சரி ஆச்சி, வச்சிர்றேன்" என்றார்.